மேடைப் பேச்சுக்கு எத்தனை கிலோ கழிவு?

தேர்தல் நேரத்தில் இலங்கை மலையகத்தில் ஹற்றன் பக்கம் வந்து போன ஒருவர் கேட்ட கேள்வி இது: “கூட்டத்தில் கை தட்டுகிறார்கள், மாலை போடுகிறார்கள். அதே ஆட்கள் திரும்பி வரும் பஸ்ஸில் பேச்சாளரைப் போலவே பேசிக் காட்டிச் சிரிக்கிறார்கள். அப்புறம் வாக்களிக்கும் நாளில் காலையிலேயே வரிசையில் நிற்கிறார்கள். மலையக மக்களுக்கு அரசியலில் அக்கறை இல்லையா, நம்பிக்கை இல்லையா? இந்தக் கேலியால் யாருக்கு என்ன பயன்?”

அக்கறை நிறையவே இருக்கிறது. நம்பிக்கையை அளந்துதான் வைப்போம். நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளருக்கான வரிசை வீட்டில் பிறந்தவன். அம்மா 31 வருசம் கொழுந்து எடுத்தார். தங்கச்சி இன்னும் மலையில்தான் நிற்கிறாள். நான் பள்ளிக்கூட ஆசிரியர். இந்தக் கேலியைக் கேட்டே வளர்ந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கொழுந்து நிறுக்கும் இடத்தை ஒரு தடவை பார்த்தால் எங்கள் சிரிப்பு விளங்கிவிடும். கூடையிலிருந்து சாக்குக்கு மாறிய கொழுந்தைத் தராசில் தொங்கவிடுவார்கள். தராசு காட்டும் கிலோ அப்படியே கணக்கில் ஏறாது. சாக்குக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். மழை நாளில் கழிவு கூடும், அது நியாயம். வெயில் நாளிலும் மழை நாள் கழிவே விழுந்தால் சண்டை வரும். கழிவு போக மிஞ்சும் கிலோ நோமைத் தொட்டால், அதாவது ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய அளவைத் தொட்டால், முழுப் பேரு. தொடாவிட்டால் பல தோட்டங்களில் அரைப் பேருதான், அதாவது பாதி நாள் சம்பளம். ஆக ஒரு பெண்ணின் நாள் முழுக்க நின்ற நிற்பு, ஏறிய ஏற்றம், அட்டைக்கடி எல்லாமே கழிவுக்குப் பிறகு வரும் ஓர் இலக்கத்தில்தான் முடிகிறது.

இதை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, முப்பது வருசம் பார்த்தவள் ஒரு மந்திரியின் பேச்சை எப்படிக் கேட்பாள்? என் அம்மா கேட்டது இப்படித்தான்: “எலக்சன் நேரத்துக் கொழுந்துப்பா, தண்ணி கூட இருக்கும். ரெண்டு கிலோ கழிச்சிட்டுப் பேரப் போடு.” ஒரு வரியில் மொத்தக் கூட்டத்தையும் நிறுத்துவிட்டார். எங்கள் பக்கத்துக் கேலி பெரும்பாலும் இந்த வகைதான். தலைவரின் நடை உடையைப் பற்றிச் சிரிப்பது குறைவு. அவர் சொன்ன இலக்கத்தைப் பற்றிச் சிரிப்பதுதான் அதிகம்.

அந்த இலக்கங்களை வரிசையாகச் சொல்கிறேன், நீங்களே நிறுத்துப் பாருங்கள்.

2016 ஒக்டோபரில் தொழிற்சங்கங்களும் தோட்டங்களை நடத்தும் கம்பனிகளும் கையெழுத்திட்ட கூட்டு ஒப்பந்தப்படி ஒரு நாள் சம்பளம் 730 ரூபா. அதற்குள் அடிப்படைச் சம்பளம் 500. நோம் எடுத்தால் 140, மாதத்தில் முக்கால்வாசி நாளாவது வேலைக்குப் போனால் வரவுக்கு 60, தேயிலை விலைப் பங்காக 30. 2019 ஜனவரியில் அடுத்த ஒப்பந்தம் வந்தது. அடிப்படைச் சம்பளம் 700 ஆனது. “200 ரூபா கூட்டிக் கொடுத்திருக்கிறோம், 40 வீத உயர்வு” என்று பட்டாசு வெடித்தார்கள். ஆனால் அந்த 140ம் 60ம் எடுக்கப்பட்டுவிட்டன. விலைப் பங்கு மட்டும் 50 ஆனது. மொத்தம் 750. எல்லா நிபந்தனையையும் நிறைவேற்றி 730 எடுத்துக்கொண்டிருந்தவருக்குக் கூடியது 20 ரூபா.

அன்று இரவு தங்கச்சி சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: “இருநூறு கூட்டினாங்க அண்ணே, நூத்தி எண்பதத் தண்ணிக்குக் கழிச்சிட்டாங்க.” ஒரு பத்திரிகைத் தலையங்கம் அரைப் பக்கத்தில் சொல்ல வேண்டியதை அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

அவள் கணக்கை நான் கொஞ்சம் நீட்டிப் பார்த்தேன். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்கு 8 வீதம், அடிப்படைச் சம்பளத்தில் பிடிப்பார்கள். 500க்கு 40 ரூபா போனது, 700க்கு 56 ரூபா போகும். கையில் வந்தது 690இலிருந்து 694. நாலு ரூபா. சரி, மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கம்பனி போடும் 12 வீதமும் நம்பிக்கை நிதியின் 3 வீதமும் அந்த 700க்கே கணக்கிடப்பட்டன. அப்படி 75 ரூபா 105 ஆனது, அது ஓய்வு பெறும்போது கைக்கு வரும். நோம் எடுக்க முடியாத வயதான அம்மாக்களுக்கும், நோயால் வரவு குறைந்தவர்களுக்கும் முன்பு 530தான் கிடைத்தது, அப்போது 750 ஆனது. அவர்களுக்கு அது மெய்யான உயர்வு. தங்கச்சியின் கேலியில் உண்மை இருந்தது, முழு உண்மையும் இல்லை. இதை அவளிடமே சொன்னேன். “அப்படின்னா மேடையில அதச் சொல்லியிருக்கலாமே, ஏன் இருநூறுன்னு சொன்னாங்க?” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சேமலாப நிதியைப் பற்றி விளக்கினால் கை தட்டு விழாது என்று நினைத்திருப்பார்கள். எங்கள் சனங்களுக்கு அந்தக் கணக்கு விளங்கும் என்று அவர்களில் யாருக்காவது தோன்றியதா என்பதுதான் என் ஆத்திரம்.

ஆயிரம் ரூபாவின் கதை இன்னும் நீளம். அந்தக் கோரிக்கை 2015இல் எழுந்தது. அப்போது ஒரு டொலர் ஏறக்குறைய 135 ரூபா. அந்த வருசப் பாராளுமன்றத் தேர்தலில் அது பேச்சானது, பிரதேச சபைத் தேர்தலில் பேச்சானது, 2019 ஜனாதிபதித் தேர்தலில் பேச்சானது. 2020 ஜனவரியில், மார்ச் முதலாம் திகதி தொடக்கம் ஆயிரம் ரூபா என்று அரசாங்கம் அறிவித்தது. அந்த மார்ச் போனது. அடுத்த வருசம் மார்ச் 5ஆம் திகதிதான் சம்பள நிர்ணய சபையின் தீர்மானம் வர்த்தமானியில் வந்தது, 900 அடிப்படை, 100 பட்ஜெட் நிவாரணப் படி. கம்பனிகள் நீதிமன்றம் போயின, கூட்டு ஒப்பந்தம் இல்லாமல் போனது. அதற்குள் டொலர் 200ஐ நெருங்கிவிட்டது. அடுத்த வருசம் 360ஐத் தாண்டியது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்ட வந்தபோது, 2015இல் கேட்ட ஆயிரத்தால் என்ன வாங்க முடிந்தது என்று காலையில் ரொட்டிக்கு மா பிசைந்த எந்தப் பெண்ணும் சொல்வாள்.

இதில் இன்னொரு விசயம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிவதில்லை. சம்பளம் வர்த்தமானியில் ஏறியது, கிலோ ஏறவில்லை. நோம் எத்தனை என்று கூட்டு ஒப்பந்தக் காலத்தில் தொழிற்சங்கங்களோடு பேசித் தீர்த்தார்கள். அது இல்லாமல் போனதும் பல தோட்டங்களில் 18 கிலோ என்பது 20 ஆனது. எங்கள் டிவிசனில் அப்போது ஓடிய பேச்சு: “ஆயிரம் ரூவா நம்ம பக்கம் வருது, ரெண்டு கிலோ முன்னால நடந்து வருது.” யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது. ஒரு வாரத்தில் எல்லா மலையிலும் கேட்டது.

2024இல் 1,700. மே தினத்தன்று கொட்டகலையில் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அறிவித்தார். 1,350 அடிப்படை, 350 ஊக்கப்படி. கம்பனிகள் வழக்குப் போட்டன. ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை கொடுத்தது. செப்டெம்பரில், ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன்னால், 1,350 மட்டும் உறுதியானது. 2025 நவம்பரில் வந்த வரவு செலவுத் திட்டத்தில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க சொன்னது 1,750. அடிப்படை 1,550, அதோடு வரவுக்கு 200, அந்த 200ஐ அரசாங்கமே கொடுக்கும், 2026 ஜனவரி தொடக்கம், 500 கோடி ரூபா ஒதுக்கீடு. அறிவிப்பு வந்த அன்றே தங்கச்சியின் முதல் கேள்வி, “எத்தன நாள் வேலை குடுப்பாங்க?” வரவுப்படி என்று ஒன்று இருந்தால் அது வேலை கொடுக்கும் நாளைப் பொறுத்தது. வேலை கொடுப்பது மந்திரி இல்லை, தோட்டம். மாதத்தில் பதினைந்து நாள் வேலை கொடுத்தால் 1,750ஐப் பதினைந்தால்தான் பெருக்க முடியும். ஒரு நாள் சம்பளத்தையே பார்க்கும் பத்திரிகைக்காரர்கள் கேட்க மறந்த கேள்வியை அவள் உளுந்து களைந்துகொண்டே கேட்டாள்.

இந்தப் பழக்கம் சம்பளத்தோடு தொடங்கியதில்லை. எங்களையே நிறுத்துப் பங்கு போட்ட வரலாறு ஒன்று இருக்கிறது. 1947 பாராளுமன்றத் தேர்தலில் எங்கள் சனங்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை என்று பெரிய பெரிய ஆட்கள் போனார்கள். அடுத்த வருசம் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, எங்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் எங்கள் லயங்களுக்கு வாக்குக் கேட்டு வருவதற்கு எந்தக் கட்சிக்கும் காரணமே இருக்கவில்லை. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்ற 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம். பத்து வருசம் கழித்து அந்த மிச்சத்தையும் இரண்டு நாடும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டன.

என் தாத்தா அந்த 75,000 கணக்கைப் பற்றிப் பேசும்போதெல்லாம், “நமக்கு ரெண்டு அரசாங்கமும் சேர்ந்து அரைப் பேரு போட்டுச்சு” என்பார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். தாத்தாவும் சிரிப்பார். அவருடைய அண்ணன் குடும்பம் தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனது, அப்புறம் அண்ணனும் தம்பியும் சந்திக்கவே இல்லை. அந்தச் சிரிப்பைச் சின்ன வயதில் நான் தப்பாக விளங்கிக்கொண்டேன், தாத்தாவுக்கு அது மறந்துவிட்டது என்று. வரவுத் துண்டு பத்திரமாக இருப்பது போல அந்த வார்த்தைக்குள்ளேதான் அவர் அதைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்.

அதற்கும் முந்தைய காலத்தில் கோ. நடேசய்யர் இருக்கிறார். தஞ்சாவூரிலிருந்து வந்தவர். தோட்டங்களை நடத்திய துரைமார் வெளியாட்களை உள்ளே விடாத காலத்தில் துணி வியாபாரி வேடத்தில் தோட்டத்துக்குள் போனார் என்று சொல்வார்கள். 1931இல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டு எழுதி, அதைக் கூட்டங்களிலேயே பாடினார். எழுத வாசிக்கத் தெரியாத சனங்களுக்கு அரசியலைப் பாட்டாகக் கொடுத்தால் அவர்கள் அதை மலைக்குக் கொண்டு போவார்கள் என்று தெரிந்து செய்த காரியம் அது. மாசி மாதம் காமன் கூத்தில் கோமாளி வந்து அந்த வருசத்துச் சங்கதிகளை இழுத்துப் பேசுவதும் இதே வழிதான். துரையைப் பற்றிப் பகலில் பேச முடியாததை ராத்திரி கூத்தில் பேசினார்கள். இன்றைக்கு வட்ஸ்அப்பில் சம்பளத் துண்டைப் படம் பிடித்து, மேலே ஒரு வரி எழுதி அனுப்புகிற பிள்ளைகள் இந்த வம்சத்தில் வந்தவர்கள்தான். வாகனம் புதிது.

வீட்டுக் கதைக்கு வருகிறேன். தேர்தல் காலத்தில் லயத்துக் கூரைக்குத் தகரம் வருவது எங்கள் பக்கத்தில் வெகு சாதாரணம். ஒழுகும் கூரைக்குத் தகரம் வந்தால் வாங்கத்தான் செய்வார்கள், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஒரு பாட்டி சொன்னாராம்: “தகரம் இந்த எலக்சனுக்கு, ஆணி அடுத்த எலக்சனுக்கு.” இந்த ஒரு வாக்கியத்தை நான் வகுப்பில் குடியியல் பாடத்துக்கே பயன்படுத்தியிருக்கிறேன். தகரம் கொடுப்பவர் ஏன் காணியைப் பற்றிப் பேசுவதில்லை என்று பிள்ளைகளைக் கேட்பேன்.

காணியின் சங்கதி இதுதான். தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாக்கப்பட்டன. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. நிலம் அரசாங்கத்தினுடையது, குத்தகை கம்பனியினுடையது, அது 2045 வரை நீள்கிறது. லயத்தில் ஐந்து தலைமுறை வாழ்ந்தவருக்கு அந்தக் காம்பராவில், தான் வாழும் அறையில், எழுத்தில் எந்த உரிமையும் இல்லை. வீடு கட்ட ஏழு பேர்ச் அளவு காணி தருகிறோம் என்று யார் சொன்னாலும், அந்த ஏழு பேர்ச்சைக் குத்தகையிலிருந்து யார் எப்போது விடுவிப்பார்கள் என்று கேட்க வேண்டும். இந்திய உதவியில் ஏற்கெனவே சொன்ன 4,000 வீடுகளோடு இன்னும் 10,000 வீடுகள் என்று 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் மோடி அறிவித்தபோது மைதானம் நிரம்பி வழிந்தது. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் 2,000 பேருக்கு அந்தத் திட்டத்தின் ஆவணம் கையளிக்கப்பட்டபோதும் பலருக்கு அது இனிமேல் கட்டப்போகும் வீட்டுக்கான தாள்தான். நோர்வூட்டில் கை தட்டிய போது மூன்றாம் வகுப்புப் படித்த பிள்ளை அதற்குள் சாதாரண தரப் பரீட்சையை நெருங்கிவிட்டது.

சில இடங்களில் கேலியே வராது, அதையும் சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளையும் நுவரெலியாவும் கண்டியும் மறுபடி அதே மண்ணைத் தோண்டின. அந்த வாரங்களில் கடையில் யாரும் யாரையும் போலப் பேசிக் காட்டவில்லை. பாதுகாப்பான இடத்தில் காணி என்பது எங்களுக்கு ஒரு கோரிக்கைப் பட்டியலின் நாலாவது வரி இல்லை என்பதை இதைவிட வேறு மாதிரி எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இனி எங்கள் கேலி தவறிப்போகும் இடம். இதைச் சொல்லாவிட்டால் பதில் பாதிதான்.

பல வருசமாக நாங்கள் பிரதேச சபை உறுப்பினர்களைப் பார்த்துச் சிரித்தோம். தேர்தலில் தோட்டத்து ரோட்டைப் போடுகிறேன் என்பார், வென்ற பிறகு ஒரு லொறி கல் கூட வராது. கையாலாகாதவர், கள்ளர் என்றெல்லாம் பேசினோம். நானும் பேசியிருக்கிறேன். உண்மையில் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு குறுக்கே நின்றது. சபையின் பணத்தைத் தோட்டக் குடியிருப்புக்குள் செலவழிக்க அது இடம் கொடுக்கவில்லை. எங்கள் வாக்கில் வென்ற சபைக்கு எங்கள் லயத்து வாசலில் ஒரு தண்ணிக் கானை வெட்ட அதிகாரம் இல்லை. 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதே காலத்தில் நுவரெலியா, அம்பகமுவை என்ற இரண்டு பெரிய சபைகளும் ஆறாகப் பிரிக்கப்பட்டன, கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா என்று புதிய பெயர்கள் வந்தன. அவ்வளவு வருசமும் நாங்கள் ஆளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம், சட்டம் அலுமாரியில் நிம்மதியாக இருந்தது. அந்த உறுப்பினர்களிலும் ஒரு பிழை இருக்கிறது, செலவழிக்க முடியாது என்று தெரிந்தே வாக்குறுதி கொடுத்தார்கள். ஆனால் யாராவது ஒருவர் அந்தப் பிரிவை லயத்துக்குக் கொண்டு வந்து வாசித்துக் காட்டியிருந்தால் எங்கள் கேலி பத்து வருசம் முன்னாலேயே சரியான வாசலில் போய் நின்றிருக்கும்.

“எல்லாரும் ஒன்னுதான்” என்கிற கேலியும் எனக்குப் பிடிப்பதில்லை. அதைச் சொல்லும்போது பெரிய அனுபவசாலி போல ஒரு முகம் வரும். ஆனால் எல்லாம் ஒன்றாக நடக்கவில்லை. 2003இல் நிறைவேறிய 35ஆம் இலக்கச் சட்டம் நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்தது. என் சித்தப்பா அந்த வருசம்தான் தன் பெயரில் ஒரு கடிதாசியைப் பார்த்தார். அதற்காக உழைத்தவர்களையும், மேடையில் மட்டும் உழைத்தவர்களையும் ஒரே சாக்கில் போட்டு நிறுத்தால் நல்ல கொழுந்துக்கும் சேர்த்துக் கழிவு விழுகிறது.

அப்புறம் எங்களைப் பார்த்து வெளியே இருந்து வரும் கேலி. தோட்டக்காட்டான், கள்ளத்தோணி. கொழும்பிலும் வடக்கிலும் இந்தச் சொற்களைச் சர்வ சாதாரணமாகப் பேசிய காலம் ஒன்று இருந்தது, இன்னும் முழுதாகப் போகவில்லை. வாக்குக்குச் சாராயப் போத்தல் வாங்கிக்கொள்ளும் சனங்கள் என்று சிரிப்பவர்களும் உண்டு. போத்தல் வருகிறது, மறுக்கவில்லை. வாங்கும் ஆண்கள் இருக்கிறார்கள். அந்த இரவு வீட்டில் அதன் பலனை அனுபவிப்பது பெண்கள், மறுநாள் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்கு முதலில் போய் நிற்பதும் அவர்கள்தான். போத்தலைப் பற்றிய பகிடியை எங்கள் பெண்கள் சொல்லிக் கேட்டால் அதில் எப்போதும் கொடுத்தவனின் பெயரும் இருக்கும். வெளியே இருந்து சொல்பவர்களின் பகிடியில் வாங்கியவனின் பெயர் மட்டும்தான் இருக்கும். இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள்.

சிரிப்பதோடு நின்றுவிடுகிறார்களா என்பதற்கு 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலைப் பாருங்கள். நுவரெலியா மாவட்டத்தின் எட்டு ஆசனங்களில் ஐந்து தேசிய மக்கள் சக்திக்குப் போயின. பரம்பரையாக இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் சேவலுக்கோ ஐக்கிய தேசியக் கட்சியின் யானைக்கோ போட்ட வீடுகளில் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்குப் போட்டார்கள். எங்கள் லயத்தில் சங்கச் சந்தா கட்டிக்கொண்டே அந்தச் சங்கத்தின் ஆளுக்கு வாக்குப் போடாத பத்துப் பேரையாவது எனக்குத் தெரியும். அவர்கள் எல்லாரும் அதற்கு முன் பல வருசம் 730, 750, ஆயிரம் என்று சிரித்தவர்கள். அந்தச் சிரிப்பில் கணக்கு எழுதப்பட்டுக்கொண்டே இருந்தது, அந்த நவம்பரில் கூட்டிப் பார்த்தார்கள். இதைப் புதியவர்கள் தங்களுக்குக் கிடைத்த அன்பு என்று எடுத்துக்கொண்டால் தவறு செய்வார்கள். இப்போது தராசில் தொங்குவது அவர்களுடைய சாக்கு. 1,750க்கும் கழிவு பார்ப்பார்கள், பண்டாரவளைத் தாளுக்கும் பார்ப்பார்கள்.

ஆகவே நீங்கள் மறுபடி வருவதானால் கூட்டம் நடக்கும் நாளில் வர வேண்டாம். ஏதாவது ஒரு மாதம் பத்தாம் திகதி சாயங்காலம் வாருங்கள், அன்றைக்குச் சம்பள நாள். ஹற்றனிலிருந்து பொகவந்தலாவை பஸ் எடுத்து, இடையில் எந்தத் தோட்டச் சந்தியில் இறங்கினாலும் ஒரு தேத்தண்ணிக் கடை இருக்கும். வாசல் பெஞ்சில் பெண்கள் சம்பளத் துண்டை விரித்து வைத்துக்கொண்டு, படிக்கிற பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, வேலை நாள் எத்தனை, பிடித்தது எவ்வளவு, சந்தா எவ்வளவு, முற்பணம் எவ்வளவு என்று ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்வார்கள். பிள்ளை வாசித்து முடித்ததும் யாராவது ஒருத்தி ஒரு வார்த்தை சொல்வாள், பெஞ்சே குலுங்கும். அவள் சொன்னது உங்களுக்கு உடனே விளங்காவிட்டால் கூச்சப்படாமல் கேளுங்கள். துண்டை உங்கள் கையில் கொடுத்து, எந்த வரி என்று விரலை வைத்தே காட்டுவாள்.